கம்பெனி பொருத்தியபடி

காரைக் கழுவுவதென்றால் மேலிருந்து கீழாகக் கழுவ வேண்டும். சக்கரத்தைத் துடைத்த துணியாலேயே கூரையையும் துடைக்கிறவர்கள்தான் அதிகம், ஐயா. என் தங்கையின் கணவர் அந்த ரகம்.

கார்த் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் கடைசிச் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். மாப்பிள்ளை வாங்கிய வெள்ளைக் காரும் என் கையைத் தாண்டித்தான் வெளியே போனது. எந்த வேகத்துக்கு எந்த பிரேக், எந்த எடைக்கு எந்த ஸ்பிரிங் என்று நானூறு பேர் ஏழு வருடம் மண்டையை உடைத்துக்கொண்ட வண்டி. அவர் ஆறே மாதத்தில் அதை அலங்கோலமாக்கினார். வேகம் கூட்ட டர்போ வைத்தார். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தினார். சைலன்சரை மாற்றினார், அவர் தெருமுனையில் திரும்பும்போதே என் வீட்டு ஜன்னல் அதிரும். பின்னால் ஓர் இறக்கை வேறு. பறக்கப் போகிறாராம்.

நான் பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னேன். சாப்பாட்டு மேசையில், எல்லோர் முன்னாலும் சிரித்தார்.

"மச்சான், உங்க கம்பெனி பயந்தாங்கொள்ளி கம்பெனி. அவங்க குடுத்தபடியே ஓட்டுறதுக்கு நான் மாட்டு வண்டி வாங்கியிருப்பேனே."

"விடுங்க, பாவம் அண்ணன்," என்றாள் தங்கை அவரிடம். "அவரு வாழ்க்கையில பண்ணதே அந்தக் காருக்கு முத்திரை குத்தினதுதான்."

அவளும் சிரித்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. சாப்பிட்டு முடித்துத் தட்டை நானே கழுவி வைத்தேன்.

அவர் மாற்றியவற்றில் புத்தியுள்ள வேலை ஒன்றே ஒன்றுதான்: பிரேக் பேட். பந்தயக் கார்களுக்கானது, எவ்வளவு சூடேறினாலும் பிடிக்கும். போன மாதம் மூன்று நாள் வெளியூர் போனபோது வீட்டுச் சாவியோடு கார்ச் சாவியையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தப் பந்தயப் பேட்களைக் கழற்றிவிட்டு கம்பெனி பேட்களைப் பொருத்தினேன். பெட்டி பிரிக்காத புதுசு. ஒரு நட்டைக்கூட நான் தளர்வாக விடவில்லை. கம்பெனி கொடுத்த வேகத்துக்கு அவை தாராளம். டர்போ வேகத்தில் மலையிலிருந்து இறங்கினால் ஏழு வளைவு தாங்கும். அதன்பிறகு சூட்டில் பிடிப்பு போய்விடும், பிரேக் மிதி கல்லாக இருக்கும், வண்டி நிற்காது.

சனிக்கிழமைதோறும் அவர் மலைச்சாலையில்தான் வித்தை காட்டுவார். தங்கை கூடப் போனதே கிடையாது. ஊரிலிருந்து திரும்பிய பின் வந்த முதல் சனிக்கிழமை காலை அவள் போன் செய்தாள்.

"அண்ணா, இன்னைக்கு நானும் போறேன். ரொம்ப நாளா கூப்பிட்டுட்டே இருக்காரு."

"பெல்ட் போட்டுக்கோம்மா," என்றேன்.

நீங்கள் மாற்றி மாற்றிக் கேட்பது இதைத்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருந்தால் அவர் அந்தப் பந்தயப் பேட்களை மறுபடி மாட்டியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்கள்.

எட்டாவது வளைவைத் தாண்டி, ஒன்பதாவதில்தான் வண்டி பள்ளத்தில் போனது என்று உங்கள் அறிக்கை சொல்கிறது. கம்பெனி பேட்டை நானே ஒரு வளைவு குறைத்து மதிப்பிட்டுவிட்டேன். அது என் தவறு.

இருவரையும் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். பிரேக்கைக் கெடுத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தக் காரில் சரியாக இருந்த ஒரே பாகம் அதுதான்.