இடது காலின் வார்

மதிப்பிற்குரிய ரொட்டிக்கடை உஸ்தா நஜஃப் அவர்களுக்கு,

மகனின் நாற்பதாம் நாளுக்காக நீங்கள் ஊருக்கெல்லாம் கொடுத்த ரொட்டி, மறுநாள் காலையிலும் மெத்தென்றே இருந்தது. பாலாடைக்கட்டியும் வால்நட்டும் வைத்து முழுவதையும் நானே சாப்பிட்டேன். கருஞ்சீரகம் கொஞ்சம் தாராளமாகத் தூவியிருந்தீர்கள். எனக்கு அப்படித்தான் பிடிக்கும்.

அன்று மலையேற்றச் சங்கத்தின் சாமான் அறை வாசலில் நின்று நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். வாயால் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. எதையும் முதலிலிருந்து வரிசையாக எழுதினால்தான் எனக்குத் தெளிவாக வரும். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் பழகினேன். ஆகவே இந்தக் கடிதம்.

நீங்கள் கேட்டது இது:

"சியாமக், ஒண்ணே ஒண்ணு சொல்லு. என் புள்ளை அந்த வாரை மாட்டலையா?"

"விபத்து அறிக்கையில அப்படித்தான் எழுதியிருக்கு உஸ்தா."

"அறிக்கையை நானும் படிச்சேன். உன்னைக் கேக்கறேன். ரொட்டி வரிசையில நிக்கிற பொம்பளைங்க நான் தலை நிமிந்தா பேச்சை நிறுத்திடறாங்க. செருப்பு வார் போடத் தெரியாதவன் மலைக்குப் போனானாம்னு பேசிட்டு, அதே வாயால ரெண்டு ரொட்டி குடுங்கறாங்க. செத்தவனைப் புதைச்சாச்சு. அவன் பேரையும் சேத்துப் புதைக்கணுமா?"

தேநீர் ஊற்றட்டுமா என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் வேண்டாம் என்றீர்கள். நம் ஊரில் முதல் வேண்டாம் மரியாதைக்கு, இரண்டாவது வழக்கத்துக்கு, மூன்றாவதுதான் உண்மையான வேண்டாம். அப்போதே புரிந்துகொண்டேன், நீங்கள் பதில் கிடைக்காமல் விடமாட்டீர்கள் என்று.

அடுத்த வெள்ளிக்கிழமை முதல் அந்த அறிக்கையைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப் போகிறார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாடமாம். உங்கள் மகன் பெஹ்ரங்கின் பெயரும், "இடது கால் வார் பூட்டப்படவில்லை" என்ற வரியும் அதில் இருக்கும். அதற்குள் நீங்கள் உண்மையை அறிய வேண்டும்.

நீங்கள் மலை ஏறியவரல்ல. அதனால் சாமானைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கிராம்பான் என்பது உறைபனியில் நடக்க பூட்ஸுக்கு அடியில் மாட்டும் எஃகுச் சட்டம். பன்னிரண்டு முள். பத்து கீழே குத்தும், இரண்டு முன்னால் நீட்டியிருக்கும். சட்டத்தின் நீளத்தைப் பூட்ஸுக்குத் தகுந்தபடி ஒவ்வொரு துளையாக மாற்றலாம். வாரே பூட்டாமல் பூட்ஸைத் தூக்கி உதறினாலும் சட்டம் விழக் கூடாது, அதுதான் அளவு. குதிகாலில் ஒரு நெம்புகோல் இருக்கும், டக்கென்று மூடும். கணுக்காலைச் சுற்றி ஒரு வார், வளையத்தில் இரண்டு முறை நுழைத்து இழுக்க வேண்டும். நெம்புகோல் தானாகத் திறந்துவிடாமல் பிடிப்பதற்கும், எல்லாம் கழன்றாலும் சட்டம் தொலைந்துபோகாமல் காலோடு தொங்குவதற்கும் அது.

முக்கியமான வேறுபாடு முன்பக்கத்தில். ஒரு வகையில் கால்விரல் பக்கம் வளைந்த கம்பி ஒன்று பூட்ஸின் விளிம்பைக் கவ்வும். இன்னொரு வகையில் கம்பிக்குப் பதில் ரப்பர் கூடு, விரல் பகுதியைச் சுற்றி அணைத்துக்கொள்ளும். கம்பி வகை பார்க்கக் கம்பீரம். ஆனால் பூட்ஸ் விளிம்பில் ஆழமான பள்ளம் இருந்தால்தான் நிற்கும். பள்ளம் ஆழமில்லாத பூட்ஸில் அதை மாட்டினால், சமதரையில் இறுக்கமாகத்தான் இருக்கும். மெத்தென்ற பனியிலும் இருக்கும். கெட்டிப் பனிச் சரிவில் பக்கவாட்டில் உதைத்து நடக்கும்போது கம்பி நழுவும். இதைப் பதினேழு வருடமாக அந்த அறையில் எல்லோருக்கும் சொல்லிவருகிறேன். ஒருவருக்குக்கூட நான் தவறான ஜோடியைக் கொடுத்ததில்லை. ஒருவரைத் தவிர.

உங்கள் மகன் நல்லவன். அதில் எனக்கு எந்த மாற்றுக் கருத்தும் இல்லை. எனக்கு மில்லிமீட்டர் மாமா என்று பெயர் வைத்தது அவன்தான், சங்கம் முழுக்க அதையே பிடித்துக்கொண்டது. நான் ஒரு திருகாணியை மூன்று தடவை சரிபார்ப்பேன், அவனுக்கு அது வேடிக்கை.

பனிக்காலம் தொடங்கும் முன் ஒரு நாள் தேநீர்க் கடையில் ஆலம்கூ சிகரம் ஏறுவோரின் பட்டியலை வாசித்தான். அவன்தான் தலைவன். இருபத்தோரு பனிக்காலம் அந்தப் பட்டியலில் என் பெயர் இருந்தது. அன்று இல்லை.

"மாமா, நீங்க மலைக் குடில்ல ரேடியோ பாத்துக்கங்க. உங்க முழங்கால் மாடிப்படியிலயே பாட்டுப் பாடுது. ஆலம்கூ வரைக்கும் அந்தக் கச்சேரியை யார் கேக்கறது?"

எல்லோரும் சிரித்தார்கள். பட்டியலில் இருந்த கதாயூன் மட்டும் அவன் தோளில் தட்டி, "வாயை மூடுடா, மாமா முகத்தைப் பாரு," என்றாள்.

அவன் எழுந்து வந்து என் தலையில் முத்தமிட்டான். "கோவமா மாமா? நான் உங்க கால் தூசி."

கோபமில்லை என்றேன். சூப்புக் கிண்ணத்தை முழுவதும் காலி செய்தேன். அவன் சொன்னதில் தவறில்லை. என் முழங்கால் மோசம்தான். ஆனாலும் சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. தனியாக அழைத்துச் சொல்லியிருந்தால் நானே ஒதுங்கியிருப்பேன். எந்த நியாயமான மனிதரும் இதை ஒப்புக்கொள்வார்.

பனிக்காலத்தின் கடைசி மாதமான இஸ்ஃபந்த் ஒன்பதாம் தேதி, அவன் புது பூட்ஸோடு வந்தான். டெஹ்ரானில் யாரிடமோ வாங்கியது, பழையது ஆனால் நல்ல சரக்கு. முன்விளிம்பை விரல் நகத்தால் தடவிப் பார்த்தேன். பள்ளம் தேய்ந்திருந்தது. நகத்தின் நுனிகூட உள்ளே போகவில்லை. கூடு வகைதான் இதற்கு ஏற்றது என்று பார்த்தவுடன் தெரிந்தது.

"இதுக்கு எது மாமா? கம்பியா, கூடா?"

"கம்பி," என்றேன். "தலைவன் காலுக்குக் கம்பிதான் அழகு."

"அப்பாடா, ஒரு வழியா மாமா என்னைத் தலைவன்னு ஒத்துக்கிட்டார். கதாயூன், நீதான் சாட்சி."

மண்டியிட்டு அவன் காலுக்கு மாட்டினேன். நீளத்தைத் துளை துளையாகச் சரிசெய்தேன். அதில் குறை வைக்கவில்லை. நெம்புகோல் நன்றாகச் சத்தம் போட்டு மூடியது. அவன் காலைத் தூக்கி உதறினான், சட்டம் அசையவில்லை. வாரை வளையத்தில் இரண்டு முறை நுழைத்து இழுத்தான், கற்றுக்கொடுத்தபடியே.

அப்போது நான் கேட்டேன், உஸ்தா. இதைக் கவனமாகப் படியுங்கள். "கூடு வெச்சதையும் ஒரு தடவை மாட்டிப் பாக்கலாமா?" என்று கேட்டேன்.

"வேணாம் மாமா. முட்டி வலியோட நீங்க எதுக்குத் திரும்பவும் குனியணும்?"

அது முதல் வேண்டாம். இரண்டாவது தடவை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் காலை நீட்டியிருப்பான், எனக்குத் தெரியும்.

"உங்க கை நோகாம இருக்கட்டும்," என்று நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

என் நோக்கம் அவன் வழியில் ஒரு முறை வழுக்கி, வெட்கப்பட்டு, திரும்பி வர வேண்டும் என்பதுதான். அடுத்த வருடம் பட்டியலை என்னிடம் காட்டிவிட்டுப் படிப்பான் என்று எண்ணினேன். இவ்வளவுதான் நினைத்தேன் என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்தேன். ஆனால் கடிதத்தில் கணக்கு சரியாக இருக்க வேண்டும். குடில் வரை பனி இளகியிருக்கும், அங்கே கம்பி நழுவாது. குடிலுக்கு மேலே முதுகுப்பாறை வரையிலும் அப்படியே. அதன் பிறகு பனியாற்றுக்கு மேலே ஒரு குறுக்குச் சரிவு வருகிறது. பகலில் உருகி, இரவில் இறுகி, கண்ணாடி மாதிரி கிடக்கும். சரிவு இடப்பக்கம் இறங்குவதால் இடது கால்தான் உடம்பைத் தாங்க வேண்டும். கயிறு கட்டும் இடம் அதற்கு அந்தப் பக்கம். அந்த வழியை இருபத்தோரு முறை நடந்திருக்கிறேன். வழுக்குவதற்கு வேறு இடமே கிடையாது.

பதினோராம் தேதி காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு, நான் குடிலில் இருந்தபோது, ரேடியோவில் கதாயூன் குரல் வந்தது.

"மாமா, பெஹ்ரங் விழுந்துட்டான். கீழ, பனியாத்துப் பக்கம். எங்களால சுத்தித்தான் இறங்க முடியும், ரெண்டு மணி நேரமாவது ஆகும். நீங்கதான் பக்கத்துல இருக்கீங்க. ஓடுங்க மாமா, உங்களைக் கும்பிடறேன்."

நான் ஓடவில்லை. என் முழங்காலோடு ஓடினால் இரண்டாவது ஆளும் விழுவான். நாற்பது நிமிடத்தில் போய்ச் சேர்ந்தேன்.

அறிக்கையில், நான் போனபோது உயிர் இல்லை என்று எழுதியிருக்கிறது. அது நான் சொன்னது. அவனுக்கு உயிர் இருந்தது, உஸ்தா. இடுப்புக்குக் கீழே நன்றாக இல்லை, ஆனால் பேச்சு தெளிவாக இருந்தது.

"வந்துட்டீங்களா மில்லிமீட்டர் மாமா," என்றான். "களைச்சுப் போயிருப்பீங்க."

உதடு நீலமாக இருந்தது. என் கோட்டைக் கழற்றி, "போத்திவிடட்டுமா?" என்றேன்.

"வேணாம் மாமா, உங்களுக்குக் குளிரும்."

கோட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டேன்.

பிறகு அவன் காலருகே உட்கார்ந்தேன். வலது கால் சட்டம் அப்படியே இருந்தது. இடது காலில் கம்பி கழன்று, சட்டம் வாரில் தொங்கிக்கொண்டிருந்தது. வாரை அவன் ஒழுங்காகப் பூட்டியிருந்தான். இரண்டு சுற்று, வால் உள்ளே செருகி. அப்படியே விட்டால், வருகிறவர்கள் முதலில் பார்ப்பது வாரை அல்ல, கம்பியை. இந்தப் பூட்ஸுக்கு இதைக் கொடுத்தது யார் என்றுதான் அடுத்த கேள்வி வரும்.

வார் உறைந்து கெட்டியாகியிருந்தது. கையுறையோடு பிரிக்க முடியவில்லை. கையுறையைக் கழற்றி, வாயால் ஊதி ஊதி, வளையத்திலிருந்து ஒவ்வொரு சுற்றாக எடுத்தேன். காலில் என் கை படுவதை அவன் உணர்ந்திருக்க வேண்டும். தலையைத் தூக்க முடியாமல் வானத்தைப் பார்த்தபடியே கேட்டான்.

"மாமா, வாரை நான் சரியாத்தானே போட்டிருந்தேன்?"

"சரியாத்தான் போட்டிருக்கே," என்றேன்.

"அப்பாகிட்டச் சொல்லிடுங்க. நான் அஜாக்கிரதையா இல்லேன்னு."

சொல்கிறேன் என்றேன். சட்டத்தை எடுத்து இரண்டு எட்டுத் தள்ளிப் பனியில் வைத்தேன். ரேடியோவை அணைத்துவிட்டு அவனருகில் உட்கார்ந்திருந்தேன். பதினொன்றரைக்கு ரேடியோவைப் போட்டு, கதாயூனிடம், அவசரப்பட வேண்டாம், பத்திரமாக இறங்கு என்று சொன்னேன். விசாரணைக்கு வந்த மூவரும் திறந்திருந்த வாரைப் பார்த்தார்கள். வலதைப் பூட்டியவன் இடதை மறந்துவிட்டான் என்று எழுதிக்கொண்டார்கள். அந்த மூவருக்கும் வருடாவருடம் சாமான் மாட்டிவிடுபவன் நான்தான். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: உங்கள் மகன் அஜாக்கிரதையாக இல்லை. வாரை அவன் பூட்டினான், நான் அவிழ்த்தேன். பொருந்தாத ஜோடியை அவனுக்குக் கொடுத்தவனும் நான். இந்தக் கடிதத்தின் பிரதிகளைச் சங்கத்துக்கும் காவல் நிலையத்துக்கும் அனுப்புகிறேன். சுவரில் அவன் பெயர் ஏறாது.

உங்களுக்கு என்மேல் கோபம் இருக்கும், அதை நான் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் அது ஆறிய பிறகு ஒன்றை மட்டும் நினைத்துப் பாருங்கள். அந்தப் பனியில் உங்கள் மகன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, அதை நான் நிறைவேற்றியிருக்கிறேன். அவனுக்குத் தந்த வாக்கைக் காப்பாற்றியவன் என்று என்னைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
சியாமக்