பனியும் இல்லை, சுமையும் இல்லை

ஆழாக்கு அரிசி இரண்டு பேருக்குத் தாராளம் என்பது எனக்கு இரண்டாவது லாக்டவுனில்தான் தெரிந்தது. அதுவரை ரசப்பொடி போட்டால் ரசம் தானாக வந்துவிடும் என்று நினைத்திருந்தேன், மேடம். தமிழிலேயே எழுதச் சொன்னீர்கள். நல்லதாயிற்று. இது தமிழில்தான் விளங்கும்.

அப்பாவும் அம்மாவும் அக்காவின் பிரசவத்துக்குத் தஞ்சாவூர் போய் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். கரமனை வீட்டில் நான். கொல்லைப்புற அறையில் பெயிண்டர் பிச்சையா. அம்பாசமுத்திரம் பக்கம். மாடிக்குப் பெயிண்ட் அடிக்க வந்த நாலாம் நாள் ஊரை அடைத்துவிட்டார்கள். மலையாளம் ஒரு வார்த்தை தெரியாது.

காலையில் சமையல், மதியம் நாவல், மாலையில் மொட்டைமாடியும் பைனாகுலரும். நான் எதைச் செய்தாலும் பிச்சையா அண்ணாச்சி சாப்பிட்டார். "உப்பு ஒண்ணுதான் பாக்கி தம்பி. மத்தபடி கல்யாணச் சாப்பாடு" என்பார். நாவலை உரக்கப் படித்தால் சுவரில் சாய்ந்து கேட்பார். "அந்தப் பய மறுபடியும் கடுதாசி எழுதுதானா? அவனுக்கு வேற சோலியே கிடையாதா?" பலாமரத்து மிளகுக்கொடிக்குள் செம்போத்து கூடு கட்டியிருப்பதை முதலில் பார்த்ததும் அவர்தான். மூன்று குஞ்சுகள்.

தினமும் பத்து மணிக்கு வார்டு சுகாதார ஊழியர் ஷிஜா சேச்சி போன் செய்வார். அவரவர் வாயால் அவரவர் பதில் சொல்லவேண்டும் என்பது அவர் கட்டளை. எனவே ஸ்பீக்கரில் போட்டு அண்ணாச்சியிடம் நீட்டுவேன்.

"பனியுண்டோ? சுமயுண்டோ?"

மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். சும என்றால் இருமல். அண்ணாச்சி வானத்தைப் பார்த்தார். "பனியா? இந்த வெயில்லயா? இல்ல தாயி. சுமையும் இல்ல. வேலையே இல்லையே, பெறகு என்னத்தச் சுமக்க?"

அந்த 'இல்ல' மட்டும் ஷிஜா சேச்சிக்குப் போதும். "நல்ல மனுஷ்யன், அல்லே மோனே" என்று வைத்துவிட்டார்.

"என்ன தம்பி, தினம் பனி பெய்யுதான்னு கேக்கா?"

"இந்த ஊர்ல மரியாதைக்குக் கேப்பாங்க அண்ணாச்சி."

கல்லூரிக் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஒரு பக்கம் தேறும் என்றுதான் அப்போது விட்டுவைத்தேன். பதில் சரியாகவும் இருந்தது. அவருக்குக் காய்ச்சல் இல்லை.

பதினோராம் நாள் காய்ச்சல் வந்தது. பத்து மணிக்குப் போனும் வந்தது. அண்ணாச்சி வழக்கமான பதிலைச் சொன்னார், இருமிக்கொண்டே. லைன் சரியில்லை என்று நான் போனை வாங்கிக்கொண்டேன். காய்ச்சல் என்ற ஒரு வார்த்தையை நான் ஷிஜா சேச்சியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காரணம் எளிது. ஆம்புலன்ஸ் வரும், மருந்தடிக்கும் ஆட்கள் கொல்லையில் நடப்பார்கள், தாய்ப்பறவை கூட்டைக் கைவிட்டுவிடும். குஞ்சுகள் பறக்க இன்னும் ஒன்பது நாள். ஒன்பது நாள் பெரிய விஷயமில்லை என்று எனக்குத் தோன்றியது.

அவரும் கேட்டார். "காய்ச்சல் அடிக்கே தம்பி, அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லியாச்சு அண்ணாச்சி. ரசம் குடிச்சிட்டுப் படுத்திருக்கச் சொன்னாங்க."

இந்த முழு விவகாரத்திலும் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

ரசம் வைத்தேன். மிளகு கூடுதலாக. ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வேன். வீட்டிலிருந்த ஆக்சிமீட்டரையும் கொடுத்தேன். அவர் விரலில் மாட்டி ஜன்னலில் காட்டுவார். நான் மொட்டைமாடியிலிருந்து பைனாகுலரில் எண்ணைப் படித்து நோட்டில் எழுதுவேன். நீங்கள் ஸ்டேஷனுக்கு எடுத்துப்போன நோட்டில் இருக்கும். 'குஞ்சுகள் மூன்றும் நலம், இரை: ஓணான். பி: 93.' 'இரை: நத்தை. பி: 89.' தேதி, நேரம் எல்லாம் சரியாகப் போட்டிருக்கிறேன். நாவலில் நாற்பது பக்கம் மீதி இருந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்று படித்தேன். அவர் கேள்வி கேட்பதை நிறுத்தியிருந்தார்.

அதன் பிறகு அவர் எழுந்து வரமுடியாததால் ஷிஜா சேச்சியின் கேள்விக்கு நானே பதில் சொன்னேன். பதில் பழகிப்போனதால் சேச்சியும் வற்புறுத்தவில்லை. அண்ணாச்சி சொன்ன அதே வார்த்தைகளைத்தான் சொன்னேன். பனியும் இல்லை, சுமையும் இல்லை.

காய்ச்சலின் எட்டாம் நாள் காலை ஜன்னலில் முந்தின நாள் ரசம் அப்படியே இருந்தது. உள்ளே பார்த்தேன், மூச்சு இல்லை. ஷிஜா சேச்சியை நானே அழைத்தேன். அன்று அரிசியைப் பாதியாகக் குறைக்க மறந்துவிட்டேன்.

ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்டீர்கள். பறவை பார்ப்பவர்களுக்கு ஒரே விதிதான் மேடம். பார்க்கலாம், குறிக்கலாம், தலையிடக் கூடாது. நான் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தேன்.

ஒரு தடவை மட்டும் மீறினேன். அதையும் சொல்லிவிடுகிறேன். ஏழாம் நாள் மதியம் கடைசிக் குஞ்சு கூட்டிலிருந்து விழுந்துவிட்டது. அண்ணாச்சியின் ஏணி அவர் அறைச் சுவரில்தான் சாத்தியிருந்தது. அதை எடுத்து மரத்தில் வைத்து ஏறினேன். ஜன்னலுக்குள்ளிருந்து அவர், விட்டு விட்டு, "பாத்து ஏறுங்க தம்பி" என்றார். குஞ்சைக் கைக்குட்டையில் பிடித்துக் கூட்டில் வைத்தேன். அது பிழைத்துக்கொண்டது. மூன்றும் பறந்துவிட்டன.

விதி விதிதான். ஆனால் அது வாயில்லா ஜீவன் மேடம். உனக்கு என்ன செய்கிறது என்று கேட்டால், அதற்குச் சொல்லத் தெரியாதே.