தொண்ணூத்தெட்டும் ஒரு கட்டெறும்பும்

— பலகையில எழுதின பத்துப் பேரும் காஞ்சாச்சு. பதினோராவது பேரைச் சொன்னா எழுதிட்டு ஏணியை மடக்கிடுவேன்.

— கொஞ்சம் பொறு, பெயின்டரே. அம்பயரும் நானும் இன்னும் ஒரு முடிவுக்கு வரலை.

— ஸ்கோரரும் அம்பயரும் என்னைக்கு ஒரு முடிவுக்கு வந்திருக்கீங்க? நாளைக்குக் காலையில பலகை திறப்பு. பெயின்ட் காயறதுக்கு நேரம் வேணும், சொல்லிட்டேன். நான் போய் ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன்.

— போயிட்டானா, மாப்ளே?

— படி இறங்கிட்டான். இப்பச் சொல்லு மச்சான். உன் தங்கச்சியைக் கட்டி நாப்பது வருஷம் ஆச்சு. நீ இப்படி அடம் பிடிச்சு நான் பார்த்ததில்லை.

— அடம் இல்ல, நியாயம். கிளப் ஆரம்பிச்ச நாள்ல இருந்து இன்னிக்கு வரைக்கும் ஆடினவங்கள்ல பதினோரு பேரைப் பொறுக்கச் சொன்னாங்க. அதுல நம்ம கொக்கு பேரு இல்லைன்னா அது பலகையே இல்ல, வெறும் மரம்.

— ஆசை எனக்கும்தான் இருக்கு. ஆனா இப்ப தொடக்கத்துல ஆடுற ராக்கெட் இந்த மைதானத்துல அஞ்சு செஞ்சுரி அடிச்சிருக்கான். ஸ்கோர் புஸ்தகம் சொல்லுது.

— ராக்கெட் வச்சிருக்கிற பேட்டைப் பார்த்தியா? அந்தத் தடிமனுக்கு வீட்டுக் கதவே செஞ்சிடலாம். நூலாட்டம் பட்டாலும் பந்து எல்லைக்குப் போகுது. எல்லைக் கயித்தையும் வருஷா வருஷம் உள்ளே இழுத்துட்டு வர்றாங்க. இன்னும் பத்து வருஷம் போனா விக்கெட் கீப்பர் காலடியில கிடக்கும்.

— சரி, பந்து போடுறவனைச் சொல்லு. உன் காலத்து வேகப்பந்துக்காரன் ஒரு ஓவர் போட்டுட்டு ஒரு பீடி பிடிப்பான். இப்ப இருக்கிறவன் காலையில அஞ்சு மணிக்கே வந்து ஓடுறான். பீல்டிங்? அப்ப குனியறதுக்கே யோசிப்பாங்க. இப்ப பறந்து பிடிக்கிறாங்க. அந்தப் பசங்க மத்தியில இடைவெளி பார்த்து அடிக்கிறான் ராக்கெட்.

— ஹெல்மெட் போட்டுக்கிட்டு அடிக்கிறான். கொக்கு தலையில என்ன இருந்துச்சு? எண்ணெய்தான். மழை பெஞ்சு பிட்ச் சேறா இருக்கும், மூட ஒரு சாக்குக்கூட கிடையாது. ஒரு பந்து கணுக்காலுக்கு வரும், அடுத்தது காதுக்கு வரும். அதுல நின்னு ஆடினான். நான் பார்த்ததைச் சொல்றேன்.

— நீயும் பார்த்தே, நானும் பார்த்தேன். கிளப்புக்கே கால்ல கட்டுற பேடு ஒரு ஜோடிதான். ரெண்டு பேட்ஸ்மேனுக்கும் ஆளுக்கு ஒண்ணு. முன்னங்கால்ல கட்டிக்கிட்டு மத்த காலை விதி விட்ட வழின்னு விடணும்.

— அதுலதானே கொக்குன்னு பேரே வந்துச்சு. ஒத்தைக் கால் மட்டும் வெள்ளையா, நெட்டையா, அசையாம நிப்பான். பேரு மட்டுமா? கொக்குக்கு ஒன்றே மதிங்கிற மாதிரி பந்தைத் தவிர வேற நினைப்பே இருக்காது. எத்தனை ரன் அடிச்சோம்னு கூட எண்ண மாட்டான்.

— எல்லாம் வாஸ்தவம். ஆனா கமிட்டி விதி என்ன? தொடக்க ஆட்டக்காரனா பலகையில ஏறணும்னா இந்த மைதானத்துல ஒரு செஞ்சுரியாவது இருக்கணும். கொக்கு அடிச்சதுல பெரிசு தொண்ணூத்தெட்டு. முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னாடி, பைனல்ல. அடுத்த மாசம் சாரத்துல இருந்து விழுந்து மணிக்கட்டு ஒடைஞ்சது. அப்புறம் அவன் பேட்டே பிடிக்கலை, பிரஷ்தான். நான் என்ன பண்ணட்டும்?

— விதியை வளை.

— வளைச்சா நாளைக்கு ஆளாளுக்கு ஒரு மாமன் பேரைத் தூக்கிட்டு வருவான். அதோட தன் பேரைத் தானே எழுதணும்னா கொக்கு ஒத்துக்குவானா? சரி, உனக்கு இதுல என்ன இவ்வளவு வேகம்? ஈ மூக்குல உட்கார்ந்தாலும் அசையாத ஆளு நீ. உன்னைச் சிலைன்னு கூப்பிடுறாங்க. சிலைக்கு இன்னிக்கு என்ன வந்துச்சு?

— மாப்ளே, அந்த பைனல் புஸ்தகம் இங்கே இருக்கா?

— எல்லாம் இருக்கு. இதோ. நாப்பது வருஷத்துல ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது.

— கொக்கு அவுட் ஆனதுக்கு முந்தின பந்து. என்ன எழுதியிருக்கே?

— லெக் பை ரெண்டு. கால்ல பட்டு ஓடினது. டீமுக்குத்தான் ரன்னு, பேட்ஸ்மேனுக்குச் சேராது. நீதானே சைகை காட்டினே? முழங்காலைத் தூக்கிக் கையால தொட்டே. நான் இங்கிருந்து கையைத் தூக்கிக் காட்டினேன், வாங்கிட்டேன்னு.

— தொட்டேன். ஆனா அது சைகை இல்ல.

— பின்ன?

— கட்டெறும்பு.

— என்ன மச்சான் சொல்றே?

— பேன்ட்டுக்குள்ள ஏறி முட்டியில கடிச்சிருச்சு. காலைத் தூக்கி ஒரு அடி அடிச்சேன். நிமிர்ந்து பார்த்தா நீ கையைத் தூக்கி நிக்கிறே. எனக்கு முதல் பைனல் அது. சுத்தி அவ்வளவு கூட்டம். எறும்பு கடிச்சதுன்னு சொன்னா சிரிப்பாங்களேன்னு வாயை மூடிக்கிட்டேன். ஓவர் முடிஞ்சதும் உன்கிட்ட வந்து சொல்லிடலாம், ரெண்டு ரன்னுதானேன்னு நினைச்சேன். அடுத்த பந்துல ஸ்டம்ப் பறந்துருச்சு.

— அப்ப அந்த ரெண்டு ரன்னு...

— மட்டையில பட்டது. டொக்குனு சத்தம் கேட்டுச்சு. அழகா லெக் பக்கம் திருப்பிவிட்டு ஓடினான்.

— அதுக்கு முன்னாடி அவன் தொண்ணூத்தெட்டு.

— ஆமா.

— அவன் ரெண்டாவது ரன் ஓடி முடிச்சப்ப அது நூறு, மச்சான். ஒருத்தரும் கை தட்டலை. நானும் தட்டலை.

— ஸ்கோர்போர்டுல அன்னிக்கு டீம் ரன் மட்டும்தானே போடுவீங்க. எனக்கும் அவன் எவ்வளவுன்னு தெரியாது. சாயங்காலம் நீ தொண்ணூத்தெட்டுன்னு படிச்சப்பதான் நெஞ்சுல இடி விழுந்துச்சு. அன்னையில இருந்து எறும்பு என்ன, தேளே கடிச்சாலும் மைதானத்துல நான் அசையறதில்லை. சிலையாம் சிலை.

— இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொல்லலையா?

— உன் பொண்டாட்டிகிட்ட மட்டும் சொல்லியிருக்கேன்.

— அவளுக்குத் தெரியுமா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே.

— நீ புஸ்தகத்தோடதானே குடித்தனம் நடத்துறே. அடிக்கிறதா இருந்தா அடி, மாப்ளே. ஆனா அவன் பேரைப் பலகையில போடு.

— அந்தப் பேனாவை எடு.

— அடிச்சுத் திருத்தப் போறியா? உன் புஸ்தகத்தை?

— லெக் பையை அடிச்சுட்டு அவன் பேருக்கு நேரா ரெண்டு போடறேன். பக்கத்துலேயே நீ ஒரு கையெழுத்துப் போடு. கமிட்டி கேட்டா ரெண்டு பேரும் சேர்ந்து போய் நிப்போம். காறித் துப்பட்டும்.

— பேனாவை மூடி வை.

— யாரு? கொக்கு? எவ்வளவு நேரமா வாசல்ல நிக்கிறே?

— கட்டெறும்புல இருந்து நிக்கிறேன். டீ ஆறிப் போச்சு.

— கொக்கு, நான்... முப்பத்தாறு வருஷமா உன் முகத்தைப் பார்க்கவே எனக்கு...

— அம்பயரே, உட்காரு. முட்டியில எறும்பு கடிச்சது உனக்கு. பந்து எங்கே பட்டுச்சுன்னு தெரிஞ்சது எனக்குத்தானே? அது மட்டையில படலை.

— சத்தம் கேட்டுச்சுப்பா. என் காதால கேட்டேன்.

— பேடு பக்கிள் சத்தம். மட்டையை ஏமாத்திட்டு உள்ளே வந்து வலது கால் பேடுல பட்டுச்சு. பக்கிள்ல பட்டா அப்படித்தான் டொக்குனு கேட்கும். சரியான லெக் பை. நீயும் சரியா காட்டினே, இவனும் சரியா எழுதினான். எறும்புக்கு இருந்த கிரிக்கெட் அறிவு உங்க ரெண்டு பேருக்கும் இல்லாமப் போச்சு.

— நிஜமாவா சொல்றே?

— என் பேரு பலகையில வர்ற விஷயம். அதுல பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப் போகுது? தொண்ணூத்தெட்டுதான் என்னோடது. ராக்கெட் நல்லா ஆடுறான். அவன் பேரைச் சொல்லுங்க, எழுதறேன்.

— மாப்ளே, கேட்டியா? இவ்வளவு நாளா... ஒரு பைனல் வந்தாலே ராத்திரி தூக்கம் வராது எனக்கு. இந்தக் கண்ணாடியை வச்சுக்கோ, நான் போய் முகத்தைக் கழுவிட்டு வர்றேன். தங்கச்சிக்கு ஒரு போன் போடணும். பாவம், அவளும் சேர்ந்து சுமந்தா.

— போ மச்சான். மெதுவாப் போ, படி ஈரம்.

— சரி ஸ்கோரரே, இன்னும் என்ன பார்த்துக்கிட்டு நிக்கிறே? ஏணியைப் பிடி. ராக்கெட்டுக்கு முன்னெழுத்து என்ன?

— அந்தச் சுவத்துல மாட்டியிருக்கிற போட்டோவைப் பார்த்துக்கிட்டு நிக்கிறேன். அந்த பைனல்ல நீ ஆடப் போறப்ப எடுத்தது.

— நல்ல போட்டோ. சட்டம்தான் செல்லரிச்சுப் போச்சு.

— இடது கால்ல மட்டும்தான்டா பேடு கட்டியிருக்கே. வலது கால்ல எப்படா பேடு இருந்துச்சு, கொக்கு?

— எந்தக் கால்ல பேடு கட்டினாங்கன்னு எழுத உன் புஸ்தகத்துல இடம் இருக்கா? இல்லைல்ல? குரலைத் தணிச்சுக்கிட்டு ஏணியைப் பிடி. அவன் இப்பத்தான் மூச்சு விடுறான்.