வாய்ச்சொல்லை நம்பாத ஜாபிர் நானா

அவைத் தலைவர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் டாக்டர் பெருமக்களே, பதுளைக் கடைவீதி முதலாளிமார்களே, தோட்டங்களிலிருந்து மழையில் நனைந்து வந்திருக்கும் என் மக்களே! வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்த இரங்கல் கூட்டத்தில் இதுவரை பேசியவர்கள் மர்ஹூம் ஜாபிர் அவர்களை அன்பே உருவானவர் என்றார்கள். அப்படியா? அண்ணன் முறையில் நாங்கள் நானா என்றழைத்த ஜாபிர், எனக்குத் தெரிந்தவரை சரியான சந்தேகப் பிராணி! ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டமொன்றில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராக இருக்கும் இந்தச் சிவஞானம், வருஷக்கணக்காக அவரிடம் நோயாளிகளைக் கூட்டிப்போனவன். என்னையும் அவர் நம்பியதில்லை.

புற்றுக்காக மேல்தாடையில் பாதியை வெட்டி எடுத்தால் உயிர் தப்பும். பிறகு? மேல்வாயில் ஓட்டை. குடித்த கஞ்சி மூக்கால் வரும். பேசினால் பெற்ற பிள்ளைக்கும் புரியாது. அந்த ஓட்டையை அடைக்க, பற்களோடு சேர்த்துக் கெட்டி ரப்பர் தகடு செய்து மாட்டிவிட்டவர், பஸாரில் பல் கட்டும் கடை வைத்திருந்த நம் ஜாபிர் நானா.

பஸார்க்காரருக்கு தோட்டத்து லயங்களில் குடியிருக்கும் சனத்தின் வாய்மேல் என்ன அக்கறை என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. தீர்த்துவைத்தது கருப்பம்மா விஷயம். அதோ, முன்வரிசையில் இருக்கிறாளே, தேயிலைக் கொழுந்தெடுக்கும் கருப்பம்மா, அவள்தான்.

தகடு மாட்டிச் சில மாதம் கழித்து அவளை அழைத்துப்போனேன்.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லாயிருக்குங்க நானா."

நான் நம்பினேன். கூட வந்த கங்காணியும் நம்பினார். துரைக்கும் டாக்டருக்கும் 'நல்லாயிருக்குங்க' சொல்லியே பழகிய வாய் வேறென்ன சொல்லும்? ஜாபிர் நானா நம்பவில்லை! தகட்டைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தேத்தண்ணிக் கறை கொஞ்சமும் இல்லியே. இத எங்கம்மா வெக்கிறே?"

அவள் தகட்டை வாங்கி மாட்டிக்கொண்டு தலை குனிந்தாள். "சாமி மாடத்துலங்க. இங்க வர்றப்பதான் போட்டுக்குவேன். வலிக்குதுங்க. நீங்க பாடுபட்டு செஞ்சது, கொற சொல்லலாங்களா?"

விபூதி பூசிக் கும்பிட்டு வைத்திருக்கிறாள்! சிரிக்காதீர்கள். அவள் அரைப் பட்டினி கிடந்தாள். தகட்டை மறுபடி கழற்றச் சொல்லி, வலித்த இடத்தை அவர் தொட்டுப் பார்த்தார். ஆறிவிட்டதென்று நாங்கள் எல்லாரும் நினைத்த ரணத்தின் ஓரத்தில் ஒரு தடிப்பு. தகடு அழுத்திய புண்தான் என்றேன். அதையும் நம்பவில்லை! கடையைப் பூட்டினார். பதுளைக்கு அப்போது ரயில் ஏது? பண்டாரவளைவரை மாட்டுவண்டி. அங்கிருந்து ரயிலேற்றிக் கொழும்பு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் நிறுத்தினார். நோய் திரும்ப முளைத்திருந்தது! கடுகளவாக இருக்கும்போதே எடுத்துவிட்டார்கள்.

நாங்கள் நம்பிக்கொண்டே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கருப்பம்மா போயிருப்பாள். லயத்துப் பெண்ணுக்கு யார் இரங்கல் கூட்டம் வைக்கப்போகிறார்கள்?

மறுபடி தகடு செய்தார். வலிக்கிற இடத்தை அவளே விரலால் தொட்டுக் காட்டும்வரை நாற்காலியைவிட்டு எழும்ப விடவில்லை. அவர் தகட்டை அரத்தால் அராவ அராவ, அவள் தைரியமாகக் குறை சொல்லக் கற்றுக்கொண்டாள். இன்று அவள் பேச்சு காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம் முழுக்கக் கேட்கிறது.

ஐயோ, அந்த மனிதர் போய்விட்டாரே! கண்டியிலிருந்து வேறொருவரை வரவழைப்பதாகச் சற்றுமுன் மேடையில் சொன்னார்கள். கைராசிக்காரராம். வரட்டும். நான் நம்பப்போவதில்லை. அவர் யாருக்குத் தகடு மாட்டினாலும் பக்கத்தில் கருப்பம்மா இருப்பாள். எங்களுக்குப் பயந்து சனம் மறைப்பதை அவளிடம் மறைக்க முடியாது. ஜாபிர் நானாவின் வேலையை இப்படித்தான் நாங்கள் தொடர்வோம். இது சத்தியம்.

அவளிடம் நேற்றே கேட்டுவிட்டேன். உடனே சொன்னாள்:

"வர்றேங்க. வலிக்குதுன்னு அழுவுறவங்கள நீங்க பாத்துக்கங்க. நல்லாயிருக்குன்னு சொல்றவங்கள எங்கிட்ட அனுப்புங்க."