அந்த அறையில் சொன்னது

இந்த அதிகாரி அம்மாவுக்கு மின்விசிறிக் காற்றே படவில்லையே, நாற்காலியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் போட்டிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விபத்தை விசாரிக்க வந்திருந்த அதிகாரி சுகுணா என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். அதற்கு முழுப் பதிலையும் சொன்னேன், ஆனால் மனதுக்குள் மட்டும்.

கடத்தூர் தாண்டி இருக்கும் மாங்கூழ் ஆலையில் பணியாளர் நலம் என் பொறுப்பு. பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து பயிற்சி கொடுத்தார். ஆட்கள் பயப்படாமல் மனம்விட்டுப் பேச ஓர் இடம் இருந்தால் வேலை நன்றாக நடக்கும் என்றார். மேலாளர் மாதவராஜ் அந்தப் பொறுப்பையும் என்னிடம் கொடுத்தார்.

காலி டின்கள் அடுக்கியிருந்த சின்ன அறையைச் சுத்தம் செய்யச் சொன்னேன். இரண்டு நாற்காலிகளை எதிரெதிராகப் போடாமல் பக்கத்துப் பக்கத்தில், சுவரைப் பார்த்துப் போட்டேன். இது அந்தப் பயிற்சியில் சொன்னதல்ல. சிறுவயதிலிருந்து சர்ச்சில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் கற்றுக்கொண்டது. சாமியாரின் முகம் தெரியாது, காது மட்டும்தான் இருக்கும். சொன்னது எதுவும் அங்கிருந்து வெளியே போகாது. என் அறைக்கும் அதையே விதியாக வைத்தேன். ஒரு வரிகூட எழுதிவைக்கவில்லை.

முதலில் கேலி செய்தார்கள். டின் கழுவும் குள்ளம்மாள், "அமுதாக்கா சாமியாராயிட்டாங்கடி. ரெண்டு பழம் திருடுனவ எல்லாம் போய் மண்டி போடுங்க" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தாள். பிறகு முதலில் வந்தவளும் அவள்தான். குடிக்கும் கணவனைப் பற்றி, கை நீட்டும் மேஸ்திரியைப் பற்றி, கழிப்பறைக்கு விடாததைப் பற்றி எல்லோரும் சொன்னார்கள். அழுதார்கள். முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்கள்.

மாதவராஜ் ஆச்சரியப்பட்டார். "முன்னெல்லாம் ஆபீஸ் வாசல்ல கும்பலா நிப்பாங்க மேடம். இப்ப ஒரு கம்ப்ளைன்ட் இல்ல. என்ன மந்திரம் போட்டீங்க?" என்றார். பெங்களூருக்குக் கூப்பிட்டு என்னைப் பேசவைத்தார்கள். கை தட்டினார்கள். எனக்குப் பிடித்திருந்தது. இதையும் நான் மறைக்கவில்லை.

பிளசி என்ற பெண் குக்கரில் வேலை பார்த்தாள். டின்னில் அடைத்த கூழை நீராவியில் வேகவைக்கும் பெரிய இரும்புக் கலத்துக்குப் பெண்கள் வைத்த பெயர் அது. உள்ளே எவ்வளவு ஆவி இருக்கிறது என்று ஒரு முள் காட்டும். முள் அடிக்கு வந்த பிறகு மூடியைத் திறக்க வேண்டும்.

"முள்ளு பொய் சொல்லுதுங்கக்கா" என்றாள் சுவரைப் பார்த்தபடி. "உள்ள ஆவி இருக்கறப்பவே கீழ வந்து படுத்துக்குது. நாந்தான் காத வெச்சுக் கேட்டுட்டு, சத்தம் அடங்குன பொறவு தொறக்கறேன். லேட்டாவுதுன்னு மேஸ்திரி திட்றாருங்க."

அவள் தோளைத் தட்டிக்கொடுத்தேன். சொன்னதே பாதி பாரம் குறைந்த மாதிரிதான் என்றேன். அவளும் தலையாட்டினாள்.

அடுத்த முறை வந்தபோது, "மேனேஜர்கிட்ட நீங்க சொல்லுங்கக்கா. எம் பேரையே சொல்லுங்க, பரவால்ல" என்றாள். அனுமதி கொடுத்துவிட்டாள். ஆனாலும் நான் சொல்லவில்லை. ஒருத்தி சொன்னதை வெளியே கொண்டுபோனால் மற்றவர்களுக்கு அந்த அறையின் மேல் நம்பிக்கை போய்விடும் என்று நினைத்தேன். அதற்கு அடியில் இன்னொரு நினைப்பும் இருந்தது. சொன்ன உடனே குறை தீர்ந்துவிடும் என்று தெரிந்தால் நேராக மாதவராஜிடமே போய்விடுவார்கள். பிறகு என் பக்கத்து நாற்காலியில் யார் வந்து உட்காருவார்கள்?

மாம்பழப் பருவத்தின் நடுவே ஆலையைப் பார்வையிட இதே சுகுணா வந்தார். அன்று பிளசி முற்றத்தில் நின்று அவர் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளை அறைக்குக் கூப்பிட்டேன். அவள் தம்பியின் படிப்பைப் பற்றிக் கேட்டேன், ஒகேனக்கல்லுக்குப் போய்வந்ததைப் பற்றிக் கேட்டேன். அதிகாரியின் வண்டி கிளம்பி வெளிக் கேட்டைத் தாண்டும் சத்தம் கேட்கும்வரை அன்பாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

வண்டி வண்டியாகப் பெங்களூரா ரக மாம்பழம் வந்து குவிந்த வாரத்தில் மாதவராஜ் என்னைக் கூப்பிட்டார். "அந்தப் புள்ள ஒவ்வொரு தடவையும் காத வெச்சுக்கிட்டு நிக்குது. பழம் அழுகுது மேடம். அவ பயத்த நீங்கதான் போக்கணும்" என்றார். பயத்தைப் போக்குவதுதானே என் வேலை.

மறுநாள் காலை அவள் கையைப் பிடித்து நானே குக்கர் வரைக்கும் கூட்டிப்போனேன். அவள் உள்ளங்கை ஈரமாக இருந்தது.

"எம்மேல நம்பிக்கை இருக்குல்ல, பிளசி?"

"உங்கமேல இருக்குங்கக்கா. அதும்மேலதான் இல்ல."

"முள்ளு கீழ வந்ததும் தொற. காதெல்லாம் வெக்க வேண்டாம். ஒண்ணும் ஆவாது. எனக்காக."

எனக்காக என்று சொன்னதும் சிரித்தாள். நான் அறைக்குத் திரும்பிவிட்டேன், அங்கே வேறொருத்தி காத்திருந்தாள். சத்தம் கேட்டபோது டின் வண்டி கவிழ்ந்துவிட்டது என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்தவள் எழுந்து ஓடினாள். எழுந்திருக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

மறுநாளே முள்ளை மாற்றிவிட்டார்கள். அந்தப் பெண் முள்ளைப் பார்க்காமல் அவசரப்பட்டுத் திறந்துவிட்டாள், அவளுடைய கவனக்குறைவுதான் காரணம் என்று நிர்வாகம் சொல்லியிருக்கிறது.

பிளசியின் அம்மா ராஜமேரி, விசாரணை நடக்கும் இந்த ஆபீஸ் அறையின் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"வூட்லயும் சொல்லிக்கிட்டுத்தாங்க இருந்தா" என்றாள் அதிகாரியிடம். "பெத்தவ பேச்ச யாரு எடுத்துக்குவாங்க? இந்த மேடத்துக்கிட்ட எல்லாம் சொல்லிட்டேன், இனி பயமில்லம்மான்னு சொன்னா. இவங்க ஒரு வார்த்த சொன்னாப் போதுங்க. எம் புள்ள கவனமில்லாம சாவல."

சுகுணா என் பக்கம் திரும்பினார். "முள்ளு சரியில்லன்னு பிளசி உங்ககிட்ட முன்னாடியே சொன்னாளா? ஆமா, இல்ல, அவ்வளவுதான் மேடம்."

ராஜமேரி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகளைப் போலவே அவளுக்கும் என்மேல் நம்பிக்கை இருந்தது தெரிந்தது. அவளுக்காக வருந்தினேன். ஆனால் வெளியே டின் கழுவும் தொட்டியருகே அத்தனை பெண்களும் வேலையை நிறுத்திவிட்டு இந்தக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மன்னிச்சுக்கங்க" என்றேன். "அந்த ரூம்ல பேசுனத நான் வெளிய சொல்றதில்லைங்க."

ராஜமேரி கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். என்னை நம்பிச் சொன்ன யாரையும் நான் இதுவரை காட்டிக்கொடுத்ததில்லை.