கெரட்டி வீட்டு ரொட்டி

என் ரொட்டி சுமாராகத்தான் இருக்கும், சார்ஜென்ட். அடி கருகிவிடும், நடுவில் மாவு வேகாது. ஆனாலும் கக்குவான் இருமல் வந்தால் இந்த ஊர் என் வாசலுக்குத்தான் ஓடி வரும். பிறந்த வீட்டிலும் நான் கெரட்டி, புகுந்த வீட்டிலும் கெரட்டி. கல்யாணமாகியும் குடும்பப் பெயர் மாறாதவள் கையால் ரொட்டி தின்றால் இருமல் போய்விடுமாம். கொலமன் கெரட்டியைக் கட்டிக்கொண்டதில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் இதுதான்.

நான் அதை நம்பியதில்லை. கக்குவான் தானாக வரும், தானாகப் போகும், பேர் மட்டும் எனக்கு. இருமல் போகட்டுமென்று கழுதை வயிற்றுக்கடியில் பிள்ளையை நுழைத்து எடுக்கிற ஜனங்களுக்கு இதைப் புரியவைக்க எனக்கென்ன தலையெழுத்தா?

என் மகள் சாலி தொண்டை அடைத்துச் செத்தபோது பக்கத்து வீட்டு வின்னி துக்கம் விசாரிக்க வந்தாள். என் வீட்டுத் தேநீரைக் குடித்துக்கொண்டே அருகிலிருந்தவளிடம் சொன்னாள்: "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் பலிக்குது. பெத்த பிள்ளைக்கு மட்டும் பலிக்கல பாரு. கை சுத்தமில்லயோ என்னவோ."

நான் கோபப்படவில்லை. இன்னொரு கோப்பை ஊற்றிக் கொடுத்தேன்.

போன மாதம் அவளே தன் மகன் மார்ட்டினைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"சபைனாக்கா, ஒரேயடியா இருமுறான். உன் கையால ஒரு துண்டு குடு."

பையனின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். தொண்டையில் சாம்பல் நிறத்தில் ஒரு தோல் படர்ந்திருந்தது. சாலியின் தொண்டையில் அதைத்தான் கால்வேயிலிருந்து வந்த டாக்டர் விளக்கைப் பிடித்து எனக்குக் காட்டினார். இது கக்குவான் இல்லை, இனி எங்கே பார்த்தாலும் உடனே ஆளனுப்பு என்றார். வின்னி பையனோடு வந்த அன்றைக்கு அவர் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பிரசவத்துக்கு வந்திருந்தார். அவர் கார் போனதை நான் பார்த்தேன்.

"டாக்டருகிட்ட காட்டட்டுமாக்கா?"

"காட்டேன். அப்புறம் ரொட்டி பலிக்காது. ரெண்டுல எதுன்னு நீயே முடிவு பண்ணிக்க."

அவள் முடிவு பண்ணினாள். துண்டைப் பாலில் நனைத்து நானே ஊட்டினேன். விழுங்க முடியாமல் அழுதான். பாவம், நல்ல பையன்.

நான் செய்தது அவ்வளவுதான். தெரிந்தேதான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். இதையும் சேர்த்து எழுதுங்கள்: வெளிக்கதவைத் தாண்டும்போது வின்னி திரும்பி, "ரொம்ப நன்றிக்கா" என்றாள். வைத்தியம் செய்தவருக்கு நன்றி சொன்னால் வைத்தியம் முறிந்துபோகும். அது தெரியாத முட்டாள் இந்த ஊரில் கிடையாது. அவள் வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் அந்தப் பையன் பிழைத்திருப்பான்.