மிதந்த மாம்பழம்

“ஹலோ... ஹலோ, பிரியதர்ஷினியா? தீர்த்தம்மா அத்த பேசறேன்... ஆங், ஆங், நல்லா இருக்கேன். நீ பண்ணி வெச்ச வேலைக்கு ரொம்ப நல்லா இருக்கேன்.”

மொரப்பூர் ஸ்டேஷன் ரோட்டில், கனிந்து தேங்கிக் கிடந்த மாம்பழக் கூடைகளுக்கு நடுவே நின்று பேசினாள் தீர்த்தம்மாள். மூன்று நாளாக வாயை அடக்கி வைத்திருந்தாள். நாத்தனார் பெண்ணாயிற்றே என்ற தாட்சண்யம்தான். வழக்கமாகக் கூடை கூடையாக வாங்கும் ஜூஸ் கடைக்காரர் இன்று காலை அவளைப் பார்க்காத மாதிரி தாண்டிப் போனதும் அதுவும் தீர்ந்துவிட்டது.

“எதுவா? ‘உங்களுக்குத் தெரியுமா’ன்னு போட்டியே, அந்த வீடியோ... ஆமா, ஆமா, மாம்பழ வீடியோதான்... மூணு லட்சம் பேரு பாத்தாங்களா? நல்லா பாக்கட்டும்! தேன் கெட்டுப்போவாதுன்னு சொன்ன, கேட்டுக்கிட்டேன். முட்ட மெதந்தா பழசுன்னு சொன்ன, அதுவும் சரி. மாம்பழம் மெதந்தா கல்லு வெச்சுப் பழுக்க வெச்சதுன்னு எவன் சொன்னான் உனக்கு?... வாட்ஸ்அப்லயா!... இரு, நான் பேசி முடிச்சுக்கறேன்... சொன்னதுதான் சொன்ன, கடைக்கு வந்து என் பழத்தயா தண்ணியில போட்டுக் காட்டுவ? என் மூஞ்சியும் தெரியுது புள்ள அதுல!... பேரு சொல்லலயா? இந்த மூஞ்சிக்குப் பேரு வேற வேணுமா?”

வைக்கோலில் அடுக்கி, பழம் தானாகக் கனியும்வரை ஆறு நாள் பொறுத்திருப்பவள் அவள். அவசரக்காரர்கள் வைக்கும் கார்பைடு கல்லைக் கையால் தொட்டதில்லை. அவளுக்குத்தான் இப்போது ஊரில் ‘கல்லுக்காரி’ என்று பெயர். 

“என்னது?... போட்ட பத்துப் பழமும் மெதந்துச்சா? அதெப்படி... எந்த வாளியில போட்ட நீ?... யோசிச்சுச் சொல்லு. நீலமா, செவப்பா?”

பதிலைக் கேட்டதும் தீர்த்தம்மாள் திரும்பிப் பார்த்தாள். சிவப்பு வாளியில் கீறிப் போட்ட பெங்களூரா மாங்காய் ஊறிக்கொண்டிருந்தது.

“அடிப்பாவி! அது மாங்கா ஊறப்போடற உப்புத் தண்ணிடி! ரெண்டு படி கல்லுப்பு கரைச்சு வெச்சிருந்தேன், காய அரிஞ்சு போடறதுக்குள்ள நீ பழத்தப் போட்டுப் படம் புடிச்சியா? அதுல உன்னத் தூக்கிப் போட்டாலும் மெதப்ப!... என்ன சாரி? வீடியோவ எடுத்துட்டா ஆச்சா? பாத்தவங்க மனசுலருந்து எடுப்பியா?... நாளைக்கே வா. இதே கடையில நின்னு, தப்பா சொல்லிட்டேன்னு சொல்லி, பழத்தக் கடிச்சுத் தின்னு காட்டு... ஏன் முடியாது?... ஃபாலோயர்ஸ் போயிடுவாங்களா! எனக்கு சீசனே போவுது, உனக்கு... ஏ, இரு. வெச்சிடாத. ஆளு வந்திருக்காங்க.”

போன் கையிலேயே இருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த ஓர் அம்மாள் பழத்தை எடுத்துப் பார்த்தாள்.

“வாங்கம்மா... செந்தூரா பழம்மா, வைக்கப்புல்லுல பழுத்தது... தண்ணியிலயா? தாராளமா போட்டுப் பாருங்க. இந்த நீல வாளி, இப்பதான் கொழாயில புடிச்சது... பாத்தீங்களா, அடியில போயி உக்காந்துக்கிச்சு... ஆமாம்மா, அந்த வீடியோல இருக்கறது நான்தான்... இல்லீங்கம்மா, தண்ணியில ஒண்ணும் கலக்கல... அம்மா, இருங்க, குடிச்சே காட்டறேன்... அம்மா...”

அந்த அம்மாள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பஸ்ஸைப் பார்த்து நடந்துவிட்டாள். தீர்த்தம்மாள் வாளியில் கைவிட்டுப் பழத்தை எடுத்துக் கூடையில் வைத்தாள். பிறகு போனைக் காதில் வைத்தாள்.

“கேட்டியா?... முழுகிடுச்சு. கண்ணால பாத்தாங்க... இல்ல, வாங்கல... வாங்கலடி. தண்ணியில நான் ஏதோ கலந்திருக்கேனாம்... என்ன, அழுவறியா?... நெஜமாவே அழுவறியா?... அப்ப அதையும் ஒரு வீடியோ எடுத்துப் போடு. நீ சொன்னாத்தான் நம்பறாங்க.”

மறுமுனையில் இன்னும் பேச்சு வந்துகொண்டிருக்கும்போதே தீர்த்தம்மாள் போனை அணைத்தாள்.